லேண்ட்லைனை சரண்டர் பண்றதுக்கு முன்னாடி

கேள்வி இதுதான்: "ஊர்ல அப்பா அம்மா ரெண்டு பேர் மட்டும் இருக்காங்க, 25 வருஷமா ஒரே லேண்ட்லைன் நம்பர். ஃபைபர் நெட் போட வந்தவர் 'போனும் இதுலயே வந்துடும், பழைய லைன எடுத்துடுங்க'ன்னு சொல்றார். எல்லாரும் நெட் கால் பேச ஆரம்பிச்சப்புறம் லேண்ட்லைன்லாம் எப்படியும் ஒழியப் போறதுதானே, சரண்டர் பண்ணிடலாமா?"

கொஞ்சம் நீளமாத்தான் சொல்லணும், பொறுமையா படிங்க. நான் ஈபிஏபிஎக்ஸ், அதாவது ஆபீஸ் கட்டிடத்துக்குள்ள ஓடற குட்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் போடற ஆளு. லாட்ஜ், ஆஸ்பத்திரி, மில்லுன்னு 20 வருஷத்துக்கு மேல இன்டர்காம் இழுத்திருக்கேன், பாதி காலம் காப்பர் வயர்ல, மீதி காலம் ஐபி போன்ல, அதாவது நெட் கேபிள்ல ஓடற போன்ல. லேண்ட்லைன்னு நாம ஒரே பேர்ல சொல்றோமே தவிர அதுக்குள்ள தனித்தனியா ஒரு நம்பர் இருக்கு, ஒரு கம்பி இருக்கு, அந்தக் கம்பியோட மறுமுனைல எக்ஸ்சேஞ்சுல ஒரு பேட்டரி இருக்கு. நம்பர் எங்கயும் போகல. கம்பி போயிட்டே இருக்கு. பேட்டரி போறத மட்டும் யாரும் கவனிக்கல, உங்க அப்பா அம்மா விஷயத்துல நீங்க யோசிக்க வேண்டியது அதப் பத்தித்தான்.

பழைய டெலிபோனுக்கு பிளக் பாயின்டே கிடையாது, பாத்திருப்பீங்க. கரண்ட் எக்ஸ்சேஞ்சுலேர்ந்து வருது. அங்க ஒரு ரூம்ல ரெண்டு ரெண்டு வோல்ட் செல்லா 24 செல்ல வரிசையா அடுக்கி 48 வோல்ட் டிசி எடுப்பாங்க, அதுல பாசிட்டிவ் பக்கத்த எர்த் பண்ணியிருப்பாங்க, மண்ணுக்குள்ள போற காப்பர் ஈரத்துல அரிச்சுப் போகாம இருக்கறதுக்காக. ஈபி கரண்ட் இருக்கற வரைக்கும் சார்ஜ் ஏறும், கரண்ட் போனா பேட்டரி தாங்கும், பேட்டரி இறங்கினா டீசல் ஜெனரேட்டர். அந்த 48 வோல்ட், எக்ஸ்சேஞ்சுல எல்லா லைனும் வந்து சேர்ற எம்டிஎஃப் ஃப்ரேம்லேர்ந்து கிளம்பி, ரோட்டோரம் நிக்கற பில்லர் பெட்டிக்கு வந்து, அங்கேர்ந்து உங்க தெரு போஸ்ட்ல வீடு வீடா லைன் பிரியற டிபி பாக்ஸ், அப்புறம் டிராப் வயர்ல உங்க வீட்டு ஹாலுக்கு வருது. நீங்க ரிசீவர எடுத்த உடனே சர்க்யூட் மூடும், 48 வோல்ட் சடார்னு பத்துக்குக் கீழ இறங்கும், அதப் பாத்துத்தான் எக்ஸ்சேஞ்ச் 'இந்த வீட்டுக்காரங்க பேசப் போறாங்க'ன்னு புரிஞ்சுக்கிட்டு டயல் டோன் அனுப்பும். மணி அடிக்கறதுக்கு மட்டும் தனியா 75 வோல்ட் வாக்குல ஏசி.

நான் வேலை கத்துக்கிட்ட புதுசுல ஒரு மில்லு ஆபீஸ்ல வயரெல்லாம் வந்து சேர்ற டேக் பிளாக்ல வெறும் விரலால வயர அமுக்கிப் பிடிச்சிட்டு இருந்தேன், மழை நாள், கையெல்லாம் ஈரம், அந்த நேரம் பாத்து வெளிலேர்ந்து யாரோ அந்த நம்பருக்கு கூப்பிட்டாங்க, சுளீர்னு முழங்கை வரைக்கும் ஏறிடுச்சு. என் மேஸ்திரி பக்கத்துல வந்து, "லைன்ல எப்பவும் உயிர் இருக்குடா, மறந்துடாத"ன்னு மட்டும் சொன்னார். அன்னைக்கு அந்தக் கட்டிடத்துல காலைலேர்ந்து கரண்ட் இல்ல. அப்படியும் உயிர் இருந்துச்சு.

எங்க தெருவுல ஒரு பாட்டி இருந்தாங்க, மகன் வெளியூர்ல. தினமும் ராத்திரி கதவச் சாத்தி தாப்பாள் போட்டுட்டு, லைட்ட அணைக்கறதுக்கு முன்னாடி ரிசீவர எடுத்து காதுல வச்சு அந்த 'ங்ங்ங்' சத்தத்த ரெண்டு செகண்ட் கேட்டுட்டு வச்சுடுவாங்க. யாருக்கும் போன் பண்ண மாட்டாங்க, லைன் இருக்கான்னு பாக்கறது, அவ்வளவுதான். அது ரொம்ப சரியான சோதனைங்க. அந்த சத்தம் கேட்டுச்சுன்னா வீட்டு வயர், போஸ்ட், பில்லர், எக்ஸ்சேஞ்ச், அங்கேர்ந்து வர்ற 48 வோல்ட் எல்லாமே நல்லா இருக்குன்னு அர்த்தம். இப்ப ஃபைபர் லைன்ல வர்ற போன்லயும் ரிசீவர எடுத்தா அதே மாதிரி சத்தம் கேக்கும், ஆனா அத உருவாக்கறது உங்க வீட்டு சுவத்துல மாட்டியிருக்கற டப்பா. காதுக்கு ரெண்டும் ஒண்ணுதான், ஆனா அந்தப் பாட்டிக்கு கிடைச்ச உத்தரவாதம் இதுல இல்ல.

சரி, நெட் கால்ல என்ன நடக்குதுன்னு பாப்போம். டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் வந்ததுலேர்ந்தே குரல ஒரு செகண்டுக்கு 8,000 தடவ அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டா எழுதி, 64 கிலோபிட்டாத்தான் அனுப்பறாங்க. வித்தியாசம் அனுப்பற விதத்துல இருக்கு. பழைய முறைல திருச்சிலேர்ந்து சென்னைக்கு நீங்க பேசினா அந்த 64 கிலோபிட் பாதை முழுசா உங்களுக்கே, நீங்க பேசாம மூச்சு விட்டுட்டு இருந்தாலும் வேற யாரும் அதுல நுழைய முடியாது, எஸ்டிடி, அதாவது வெளியூர் கால் அவ்வளவு விலை இருந்ததுக்கு அதுவும் ஒரு காரணம், ராத்திரி ரேட் குறையற நேரம் பாத்து மஞ்ச போர்டு பூத் வாசல்ல வரிசைல நின்ன காலம் அது. நெட் கால்ல குரல 20 மில்லிசெகண்ட் துண்டுகளா நறுக்கி, செகண்டுக்கு 50 பாக்கெட், ஒவ்வொண்ணுக்கும் அட்ரஸ் எழுதி மத்த டேட்டா போற ரோட்டுலயே அனுப்பிடறாங்க. தனிப் பாதை தேவையில்ல, அதனால விலை சல்லிசு. ஆனா ரோடு நெரிசலானா பாக்கெட் முன்னபின்ன வரும், சிலது வராமலே போகும். குரல் அந்தப் பக்கம் போய்ச் சேர 150 மில்லிசெகண்டுக்கு மேல ஆச்சுன்னா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசி, ஒரே நேரத்துல நிறுத்தி, "நீ சொல்லு", "இல்ல நீ சொல்லு"ன்னு ஆயிடும். வாட்ஸ்அப்ல பேசற எல்லாருக்கும் இந்த அனுபவம் இருக்கும்.

தரத்துல நெட் கால் மோசம்னு நினைச்சுடாதீங்க. லைன் நல்லா இருந்தா பழைய லேண்ட்லைன விட தெளிவு. காப்பர் போன்ல 300லேர்ந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் குரல விடுவாங்க, அதனாலதான் பேர ஸ்பெல்லிங் சொல்றப்ப எஸ்ஸா எஃப்பான்னு திரும்பத் திரும்ப கேப்பாங்க. புது முறைல 7,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் போகுது, எதிர்ல உக்காந்து பேசற மாதிரி இருக்கும். காது மந்தமான பெரியவங்களுக்கு இது நிஜமாவே பெரிய உதவி, உங்க அப்பாவுக்கு அந்தப் பிரச்சனை இருந்தா ஃபைபர் போன் பக்கம் இதுவும் ஒரு காரணம்.

"ஒழிஞ்சிடுமா"ங்கறதுக்கு வர்றேன். நம்ம நாட்டுக் கணக்கு விசித்திரமா இருக்கும். 2006 வாக்குல லேண்ட்லைன் 5 கோடிக்குப் பக்கம் இருந்துச்சு. செல்போன் வந்து அடிச்ச அடில 2020ல 2 கோடிக்கும் கீழ இறங்கிடுச்சு. எல்லாரும் கத முடிஞ்சுதுன்னு நினைச்சாங்க. ஆனா அதுக்கப்புறம் திரும்ப ஏற ஆரம்பிச்சு 2024 மார்ச்ல 3.3 கோடியத் தாண்டிடுச்சு. காப்பர் யாரும் புதுசா இழுக்கல. வீட்டுக்கு ஃபைபர் நெட் போடறப்ப கூடவே ஒரு போன் நம்பர் குடுக்கறாங்களே, அதையும் டெலிகாம் கம்பெனிகள ஒழுங்குபடுத்தற டிராய் அமைப்பு லேண்ட்லைன்னுதான் எண்ணுது. 2022 ஆகஸ்ட்ல ஜியோ 73 லட்சம் கனெக்ஷனோட பிஎஸ்என்எல்ல தாண்டி நாட்டுலயே பெரிய லேண்ட்லைன் கம்பெனி ஆச்சு, அது அத்தனையும் உள்ள ஐபி கால்தான். அதாவது நெட் கால் லேண்ட்லைன வெளிய தள்ளிட்டு வரல, அதோட சட்டையப் போட்டுக்கிட்டு அதே 0431, 044 நம்பரோட உள்ளயே வந்து உக்காந்துடுச்சு. செல்போன்லயும் இதே கததான், 4ஜி நெட்வொர்க் வழியாவே குரல் போற வோல்ட்டி (VoLTE) முறைல நீங்க பேசற சாதாரண காலும் பாக்கெட்தான்.

இன்னொரு பக்கம் காப்பர பாத்துக்க ஆள் இல்ல. 2020 ஜனவரி 31 அன்னைக்கு பிஎஸ்என்எல்ல ஒரே நாள்ல சுமார் 78,000 பேர் விருப்ப ஓய்வுல போனாங்க, மொத்த ஆள்ல பாதிக்கு மேல. 400 ஜோடி கேபிள ஜேசிபி அறுத்துட்டா குழிக்குள்ள உக்காந்து வெள்ளை, சிவப்பு, கருப்பு, மஞ்சள், வயலட் ஒரு பக்கம், நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுன், சாம்பல் ஒரு பக்கம்னு கலர் பாத்து 400 ஜோடியையும் ஒண்ணொண்ணா முறுக்கி ஜாயின்ட் போடணும், அது விடிய விடிய நடக்கற வேலை. மழைத்தண்ணி உள்ள இறங்கினா கரகரப்பு, பக்கத்து வீட்டுப் பேச்சு நம்ம லைன்ல கேக்கும். அந்தக் கை வேலை தெரிஞ்சவங்களப் பாத்து வளந்தவன் நான், அவங்க மேல எனக்கு அவ்வளவு மரியாதை. ஆனா அவங்க இடத்துக்கு புதுசா யாரும் வரல, அதனால காப்பர் நிக்காது, அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

இப்ப நிறைய பேர் குழப்பிக்கற ஒரு விஷயம். "நெட் கால்"னு சொல்றப்ப வாட்ஸ்அப் காலையும் ஃபைபர் போனையும் ஒண்ணா நினைச்சுக்கறாங்க. ரெண்டும் வேற. ஃபைபர் போன்ல 108 அடிச்சா ஆம்புலன்ஸ் போகும், யார் நம்பருக்கும் கூப்பிடலாம், யார் வேணா உங்களக் கூப்பிடலாம், சட்டப்படி ஒரு கம்பெனி அதுக்குப் பொறுப்பு. வாட்ஸ்அப்லேர்ந்து 108க்கு கூப்பிட முடியாது. ஆப்ங்கறது ஒரு கம்பெனியோட தனி வீடு மாதிரி, உள்ள இருக்கறவங்களுக்குள்ள மட்டும்தான் பேச்சு. துபாய்ல நம்ம ஆளுங்க எத்தன பேர் இருக்காங்க, அங்க சாதாரணமா வாட்ஸ்அப்ல சாட் போகும், கால் போகாது, அனுமதி வாங்கின போட்டிம் மாதிரி ஆப்லதான் பேசணும். ஸ்கைப் எடுத்துக்கோங்க, 2003ல வந்தப்ப டெலிபோன் கம்பெனிகள் எல்லாம் காலின்னு பேசினாங்க, 2011ல மைக்ரோசாஃப்ட் 850 கோடி டாலர் குடுத்து வாங்குச்சு, 2025 மே 5 அன்னைக்கு மூடிட்டாங்க. அதுல வெளிநாட்டுலேர்ந்து பேசிப் பழகின பெரியவங்க எத்தனையோ பேர் வேற ஆப் கத்துக்க வேண்டியதாச்சு. போன் நம்பர்ங்கறது அப்படி ஒரு கம்பெனி மூடினதும் செத்துப் போற விஷயமா இருக்கக் கூடாதுங்கறது என்னோட உறுதியான எண்ணம்.

நம்ம நாட்டுல இது சட்டமாகவும் மெதுவாத்தான் வந்துச்சு. 2002 ஏப்ரல்லயே நெட் கால அனுமதிச்சாங்க, ஆனா கம்ப்யூட்டர்லேர்ந்து கம்ப்யூட்டருக்கு, இல்லன்னா வெளிநாட்டு போனுக்கு. உள்ளூர் போன் நம்பரோட ஆப்லேர்ந்து பேசறதுக்கு 2018 வரைக்கும் ஆச்சு, அந்த வருஷம் பிஎஸ்என்எல் விங்ஸ்னு ஒண்ணு விட்டாங்க. 2021 ஜனவரி 15லேர்ந்து லேண்ட்லைன்லேர்ந்து செல்லுக்கு கூப்பிட முன்னாடி 0 சேக்கணும்னு ஆச்சே, உங்க அம்மாவுக்கு அதச் சொல்லிக் குடுத்திருப்பீங்க.

பேட்டரி விஷயத்துக்கு திரும்ப வரேன், அதுக்கு வெளிநாட்டுல நடந்தது நமக்கு நல்ல பாடம். இங்கிலாந்துல பிடின்னு (BT) பெரிய டெலிபோன் கம்பெனி காப்பர் போன 2025 டிசம்பரோட நிறுத்தறதா சொல்லியிருந்துச்சு. 2021 நவம்பர்ல ஆர்வென்னு ஒரு புயல் அடிச்சு வடக்குப் பக்கம் கிராமங்கள்ல நாள் கணக்கா கரண்ட் இல்ல, செல் டவரும் இல்ல. 2022 மார்ச்ல பிடி வீடுகள மாத்தற வேலையயே கொஞ்ச காலம் நிறுத்தி வச்சுது. அங்க தனியா இருக்கற வயசானவங்க கழுத்துல ஒரு சிவப்பு பட்டன் மாட்டியிருப்பாங்க, கீழ விழுந்தா அத அமுக்கினா லேண்ட்லைன் வழியா உதவி மையத்துக்கு போகும். லைன ஐபிக்கு மாத்தினப்புறம் சில வீட்டுல அந்த பட்டன் வேலை செய்யாமப் போய் விபரீதம் ஆச்சு. அதுக்கப்புறம்தான் கெடுவ 2027 ஜனவரிக்குத் தள்ளினாங்க. அங்க விதி, லேண்ட்லைன விட்டா பேச வேற வழி இல்லாத வீட்டுக்கு கரண்ட் போனா குறைஞ்சது 1 மணி நேரம் அவசர கால் போற மாதிரி ஏற்பாடு கம்பெனி பண்ணித் தரணும். ஜப்பான் வேற மாதிரி யோசிச்சாங்க. 2024 ஜனவரிலேர்ந்து அங்க இருக்கற பெரிய டெலிபோன் கம்பெனி என்டிடி உள்ளே இருக்கற எக்ஸ்சேஞ்ச் நெட்வொர்க்க ஐபிக்கு மாத்தினாங்க, வீட்டுக்கு வர்ற காப்பர தொடல. அதே போன், அதே நம்பர், வீட்டுக்குள்ள யாரும் வரல, தூரத்துக்கு ஒரு ரேட்டுங்கறது போய் நாடு முழுக்க ஒரே ரேட் ஆச்சு. நிலநடுக்கம் பழகின நாடு, எதக் கைல வச்சுக்கணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

நமக்கும் தெரிஞ்ச பாடம்தான். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துல டவருக்கு டீசல் தீந்து செல்லெல்லாம் ஊமையானப்ப பல ஏரியாவுல பழைய லேண்ட்லைன்தான் பேசுச்சு, பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் லேண்ட்லைன் இருக்கற வீட்டு வாசல்ல வந்து நின்னாங்க. ஆனா காப்பரும் சாகாவரம் வாங்கினது இல்ல. 2018 நவம்பர் கஜா புயல்ல டெல்டா பக்கம் கரண்ட் வர வாரக்கணக்காச்சு, அவ்வளவு நாளைக்கு எந்த பேட்டரியும் தாங்காது.

எனக்கே நேர்ல நடந்தது ஒண்ணு. ஒரு நர்சிங் ஹோம்ல பழைய அனலாக் இன்டர்காம எடுத்துட்டு ஐபி போன் போட்டோம், நான்தான் போட்டேன். போனுக்கு கரண்ட் நெட்வொர்க் சுவிட்ச்லேர்ந்தே போகும், சுவிட்சுக்கு யுபிஎஸ் குடுத்திருந்தோம், எல்லாம் சரி. ஒரு நாள் ராத்திரி கரண்ட் போச்சு, ஜெனரேட்டர் எடுக்க 40 செகண்ட். ரெண்டாவது மாடி சுவிட்ச் மட்டும் யுபிஎஸ் லைன்ல இல்லாம பக்கத்து சாதா பிளக்ல இருந்திருக்கு, பெயின்ட் அடிக்க வந்தவங்க மாத்தி சொருகியிருக்காங்க. கரண்ட் திரும்ப வந்தப்புறமும் சுவிட்ச் எழுந்து, போன் எழுந்து, சர்வர்ல பதிவாகி டயல் டோன் வர 4 நிமிஷம் ஆச்சு. அந்த 4 நிமிஷத்துல மேல ஒரு நர்ஸ் டியூட்டி டாக்டரக் கூப்பிட ரிசீவரத் தட்டித் தட்டிப் பாத்துட்டு படில ஓடி வந்திருக்காங்க. பேஷன்ட்டுக்கு ஒண்ணும் ஆகல. மறுநாள் நான் போய் எல்லா மாடியிலயும் நர்ஸ் டேபிளுக்கு ஒரு பழைய அனலாக் போன் பாயின்ட் திரும்ப இழுத்துக் குடுத்தேன், காசு வாங்கல. அதுலேர்ந்து எந்த இடத்துக்குப் போனாலும் லிஃப்டுக்குள்ள இருக்கற போன், நர்ஸ் டேபிள், வாட்ச்மேன் ரூம் இந்த மூணுக்கும் கரண்ட் எங்கேர்ந்து வருதுன்னு பாத்துட்டுத்தான் வேலைய ஆரம்பிப்பேன்.

உங்க வீட்டுக்கு வருவோம். ஃபைபர்ல ஒரு நல்லது, எக்ஸ்சேஞ்ச் பக்கம் இருந்து ஃபைபருக்குள்ள வெளிச்சத்த அனுப்பற ஓஎல்டி மெஷின்லேர்ந்து உங்க வீட்டு டப்பா வரைக்கும் நடுவுல எங்கயும் கரண்ட் தேவையில்ல, ஒரு ஃபைபர பல வீட்டுக்குப் பிரிக்கற ஸ்ப்ளிட்டர் வெறும் கண்ணாடி. இடி மின்னல் கம்பி வழியா இறங்கி மோடம் எரியற தொல்லையும் இல்ல, ஐப்பசி மழைல இது சின்ன விஷயம் இல்ல. ஆனா ரெண்டு முனைலயும் கரண்ட் வேணும். உங்க முனைல இருக்கற டப்பா 12 வோல்ட், 10 வாட் பக்கம் இழுக்கும், அதுக்குன்னே சின்ன ரவுட்டர் யுபிஎஸ் ஒண்ணு ஆயிரம் ரெண்டாயிரம் ரூபாய்ல கிடைக்குது, மூணு நாலு மணி நேரம் தாங்கும். வீட்ல இன்வெர்ட்டர் இருந்தா டப்பா சொருகியிருக்கற பிளக் இன்வெர்ட்டர் லைன்லதானான்னு பாருங்க, நிறைய வீட்ல ஃபேனும் லைட்டும்தான் இருக்கும், டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாடி இருக்கற பிளக் இருக்காது.

ஓஎல்டி இருக்கற அந்தப் பக்க முனை ரொம்ப முக்கியம். கனெக்ஷன் குடுக்கறவர் உங்க ஊர் கேபிள்காரரா இருந்தா அவரோட ஓஎல்டி எங்க இருக்குன்னு போய் நேர்ல பாருங்க. சில பேர் தனி ரூம், பேட்டரி, ஜெனரேட்டர்னு நல்லா வச்சிருக்காங்க. சில பேர் கடை மாடில ஒரு சின்ன யுபிஎஸ்ஸோட வச்சிருப்பாங்க, அரை மணி நேரத்துல தெரு முழுக்க போன் போயிடும், உங்க வீட்ல எவ்வளவு பெரிய பேட்டரி வச்சாலும் பிரயோஜனம் இல்ல. "கரண்ட் போனா எவ்வளவு நேரம் தாங்கும்"னு தயங்காம கேளுங்க.

நம்பர் விஷயம். கம்பெனி மாத்தினா லேண்ட்லைன் நம்பர் கூட வராது, செல்போன் மாதிரி இல்ல. அதே கம்பெனிலயே காப்பர்லேர்ந்து ஃபைபருக்கு மாறினா பழைய நம்பர வச்சுக்கற வசதி இருக்கான்னு முதல்லயே கேட்டு உறுதி பண்ணிக்கோங்க. 25 வருஷ நம்பர்னா பேங்க், கேஸ் புக், சொந்தக்காரங்க டைரி, பழைய கல்யாணப் பத்திரிகைன்னு எங்கெல்லாம் இருக்கும்னு உங்களுக்கே தெரியாது. யாரோ ஒரு பழைய சிநேகிதர் பத்து வருஷம் கழிச்சு உங்க அப்பாவக் கூப்பிடறது அந்த நம்பர்லதான் இருக்கும். நான் அந்த நம்பர விடச் சொல்ல மாட்டேன்.

போன் செட்டும் பாத்துக்கோங்க, கார்ட்லெஸ் வேணாம், அதுக்குத் தனியா கரண்ட் வேணும். பழைய பட்டன் போன அப்படியே டப்பா பின்னாடி டெல்னு போட்டிருக்கற ஓட்டைல சொருகினா வேலை செய்யும், அம்மாவுக்கு கை பழகினதும் அதுதான். டப்பால ரெட் லைட் எரிஞ்சா ஃபைபர் கட், கம்பெனிக்கு சொல்லணும், லைட்டே இல்லன்னா கரண்ட், யுபிஎஸ் பட்டனப் பாக்கணும். இது ரெண்டையும் ஒரு பேப்பர்ல பெருசா எழுதி பக்கத்துல ஒட்டிட்டு வாங்க. கூடவே கேபிள்காரர் செல் நம்பர், 108, பக்கத்து வீட்டு நம்பர்.

அடுத்த தடவ ஊருக்குப் போறப்ப ஃபைபர் போட்டுக்கோங்க, பழைய லைன ஒரு ரெண்டு மாசம் கூடவே வச்சுக்கோங்க, மாச வாடகை கொஞ்சம் போனா போகுது. இருக்கற நம்பரயே ஃபைபருக்கு மாத்தறதா இருந்தா முதல்ல நெட் மட்டும் ஓட விட்டுப் பாருங்க, நம்பர கடைசியா மாத்தச் சொல்லுங்க. ஒரு நாள் சாயங்காலம் வீட்டு மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு நீங்க தெருமுனைக்குப் போய் அரை மணி நேரம் கழிச்சு உங்க செல்லுலேர்ந்து ஃபைபர் போனுக்கு கூப்பிடுங்க. மணி அடிச்சு அம்மா இருட்டுல தடவிப் போய் எடுக்கறாங்களான்னு பாருங்க. அப்புறம் அவங்களையே உங்களுக்கு முன்னாடி 0 போட்டு கூப்பிடச் சொல்லுங்க. நம்பர் இன்னும் மாத்தல, நெட் மட்டும்தான் இருக்குன்னா, ஆஃப் பண்ணின அரை மணி நேரத்துக்கு அப்புறமும் டப்பால நெட் வருதான்னு உங்க செல்ல வைஃபைல போட்டுப் பாருங்க. இதே மாதிரி நிஜமா கரண்ட் போற அன்னைக்கும் ஒரு தடவ, ஏன்னா அன்னைக்குத்தான் கேபிள்காரர் பக்கமும் கரண்ட் இருக்காது. ரெண்டு தடவயும் சரியா வந்துச்சுன்னா, நம்பர ஃபைபருக்கு மாத்திக்கிட்டு பழைய லைன சரண்டர் பண்ணிடுங்க, வரலன்னா அந்த ரெண்டு கம்பி இன்னும் கொஞ்ச நாள் அங்கயே இருக்கட்டும்.